மாதாவுக்கு முன்னால் மெத்தை விற்றவன்

குருநகர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவன் நான். விற்கிறவன் இல்லை. யாரோ பிடிப்பார்கள், யாரோ விற்பார்கள், யாரோ வாங்குவார்கள். வாங்கியவர்கள் என் பலகைக்கு முன்னால் கொண்டுவந்து போட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். செதில் தட்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அந்தப் பிரிவில் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் நான் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் பாரைமீன் நாறிவிடும். இதைக்கூட நான் போனுக்குச் சொல்லச் சொல்ல அதுதான் எழுதியது. பிழை இருந்தால் போனை ஏசுங்கள்.

ஆகவே எனக்குப் படிப்பெல்லாம் காது வழியாகத்தான். காலையில் கை சுத்தமாக இருக்கும்போதே போனில் ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டு, பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன். காதில் இயர்போன். அதற்குப் பிறகு மதியம் வரை கை முழுக்கக் குடலும் இரத்தமும். போனைத் தொட முடியாது. அது எதைப் போடுகிறதோ அதைத்தான் கேட்க வேண்டும். பிடிக்காததைத் தள்ளிவிடுவது, விளம்பரத்தைத் தாண்டுவது எல்லாம் கை காய்ந்தவர்களின் சொகுசு. ஒன்றையே மூன்று நான்கு தரம் கேட்பேன். கடைசியில் பேசியவர் எங்கே இருமினார் என்பதுகூட எனக்கு மனப்பாடமாகிவிடும்.

என்ன கேட்பாய் என்று சந்தையில் யாராவது விசாரித்தால் "செபம்" என்பேன். பொய் இல்லை. செபமும்தான். எப்படிப்பட்ட ஆட்கள் செபிக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று, எங்கேயோ குளிர்ந்த நாட்டில் ஒரு கோயில் பாடகர் குழுவின் வீடியோ. திருநாளுக்கு ஒரு பாட்டைத் தேடப்போய் அகப்பட்டது. எல்லோரும் தலை நரைத்த ஆண்கள். பாட்டு முடிந்ததும் ஒருவர் இறங்கிப்போய் முன்வரிசையில் இருந்த இன்னொரு கிழவரின் கழுத்துச் சால்வையைச் சரிசெய்துவிடுகிறார். பிறகு இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி இருக்கிறார்கள். ஒரே மாதிரி மோதிரங்கள் தெரிகின்றன. அவ்வளவுதான். அந்தச் சால்வைக்காக நான் அந்தப் பாட்டை எத்தனை தரம் போட்டிருப்பேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். முதல் தரம் பார்த்தபோது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒரு பூனை பார்த்துக்கொண்டிருந்தது. அது என்னையல்ல, குடலை.

இன்னொன்று, இரண்டு பெண்கள் இங்கிலிஷில் பேசும் பொட்காஸ்ட். யேசு என்பதைத் தவிர எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே நாய் வைத்திருக்கிறார்கள், ஒரே கோயிலுக்குப் போகிறார்கள் என்று நானாக ஊகித்துக்கொண்டேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். பக்கத்துப் பலகையில் மீன் வெட்டும் அண்ணை, "செபத்திலை என்னடா பகிடி வருகுது?" என்று கேட்பார்.

மூன்றாவதுதான், நான் குரல்காரர் என்று சொல்லும் ஆள். அவரைக் கண்டுபிடித்த கதை வெட்கக்கேடு. எனக்கு எழுத்துத் தட்டித் தேட வராது. போனுக்கு வாயால் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தை வாயால் சொல்ல ஊரில் இடம் ஏது? வீட்டில் சுவருக்கு அப்பால் அயல்வீடு. சந்தையில் சனம். கடைசியில் கடற்கரையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய வள்ளத்துக்குப் பின்னால் குந்தி, போனை வாய்க்குள் போடாத குறையாகப் பிடித்துக்கொண்டு, "ஆம்பிளையை விரும்பிற ஆம்பிளை மோட்சத்துக்குப் போவானோ?" என்று கேட்டேன். போன் நன்றாக யோசித்துவிட்டு ஒரு கலியாணத் தரகரின் விளம்பரத்தைக் காட்டியது. கலியாணம் கட்டு என்று நச்சரிக்கும் எங்கள் ஒழுங்கைச் சனத்தோடு போனும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குக் கீழேதான் அவர் இருந்தார்.

தமிழ்நாட்டுப் பக்கத்துப் பேச்சு. குருமடத்தில் படித்து, குருவாகாமல் வெளியே வந்த ஆள். வாரத்துக்கு ஒரு தரம் பேசுவார். ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்: "நான் கிறிஸ்தவன். நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். இரண்டில் ஒன்றை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்."

எனக்கு அப்படியொரு சொல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் சந்தையில் அதற்கு இருக்கும் சொற்கள் எல்லாம் சின்னவை, கல்லுப்போல எறிய வசதியானவை. நானும் சிரித்துக்கொண்டு எறிந்திருக்கிறேன், என்மேல் யாரும் எறிந்துவிடக் கூடாது என்று. இவர் சொன்ன சொல்லை எறிய முடியாது. நீளம் கூட. முதல்நாள் அதைக் கேட்டபோது விரலை வெட்டிக்கொண்டேன். ஒரு விளைமீனை வாங்கிய அம்மா எனக்காக இரங்கவில்லை. "இரத்தம் மீனிலை படாமல் பாரும்" என்றார்.

இவ்வளவும் என் காதுக்குள்ளேயே கிடந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒக்டோபர் வந்தது.

ஒக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சுருவம், சின்னச் சிலை, எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கும். பின்னேரம் அயல் முழுக்க அந்த வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும். முடிந்ததும் வீட்டுக்காரர் இரண்டு வார்த்தை பேச வேண்டும், பிறகு தேத்தண்ணி, அவித்த கடலை. எங்கள் வீட்டில் இதுவரை அம்மாதான் பேசினார். அவர் இறந்துபோனபிறகு மாதா என்னிடம் தனியாக வருவது இதுதான் முதல் தரம். ஒழுங்கையில் செபத்தை நடத்துகிற அக்கா முதல்நாளே வந்து கட்டளை போட்டுவிட்டார்.

"எடேய், பகிடி விடப்படாது. மாதாவுக்கு முன்னாலை ஒழுங்கா ரெண்டு வார்த்தை சொல்லோணும்."

"நான் என்னக்கா சொல்லுறது? மீனைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியாது."

"உள்ளுக்கை கிடக்கிறதைச் சொல்லு."

உள்ளுக்குக் கிடப்பதைச் சொன்னால் கடலை அவிக்கத் தேவை இருக்காது, சனம் அதற்குமுன் எழும்பிப் போய்விடும். ஆகவே குரல்காரர் பேசிய ஒன்றைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். செருப்புகளைப் பற்றிய பேச்சு. எனக்கு அது இருமலோடு பாடம். தொடக்கத்து மூன்று வசனத்தை மட்டும் வெட்டிவிட்டால் போதும். மீன் என்றாலும் முதலில் தலையைத்தானே வெட்டுகிறேன்.

அன்று பின்னேரம் முன்னறை நிறையச் சனம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மாதா, மெழுகுதிரி, மல்லிகை. நான் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் குளித்தும் மல்லிகைக்கு நடுவே பாரை மணத்தது. செபமாலை முடிந்தது. எழும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். கண்ணை மூடினால்தான் எனக்குக் குரல் கேட்கும்.

கோயிலுக்கு உள்ளே வராமல் செருப்பு கழற்றுகிற இடத்திலேயே நிற்பவர்களைப் பற்றிச் சொன்னேன். ஏதோ ஒரு காரணம், உள்ளே போகக் கால் வருவதில்லை. செருப்புகளோடு செருப்பாக நின்றே பூசை முடிந்துவிடும். அவர்களை யாரும் ஏச வேண்டாம். ஏனென்றால் கடவுளும் கோயிலுக்குள் போகும்போது செருப்பை அங்கேதான் கழற்றி வைக்கிறார். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தாலும், எவ்வளவு தூபம் காட்டினாலும், வீட்டுக்குப் போவதென்றால் அவர் திரும்பி அவர்களிடம்தான் வந்தாக வேண்டும்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் பேச்சுக்கு மனிதர் அழுவது அதுவே முதல் தடவை. அந்த வெறியில் நான் நிற்காமல் அதே உருக்கத்தோடு தொடர்ந்தேன்:

"இரவில் நல்ல தூக்கம் இல்லையா? முதுகு வலிக்கிறதா? சுத்தமான இலவம்பஞ்சு மெத்தை. உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறோம்."

மெத்தை என்று வாய் சொன்ன பிறகுதான் கண் திறந்தது. குரல்காரர் விளம்பரத்தையும் அதே குரலில் இடையிலேயே வாசித்துவிடுவார். எனக்கு அது பேச்சின் ஒரு பாகமாகவே பாடமாகியிருந்தது. மாதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூலையில் இருந்து அண்ணை கேட்டார்:

"வாசலுக்கே வருமோ? என்ன விலையடா?"

அதோடு வீடே குலுங்கியது. அழுதவர்கள் எல்லோரும் அதே கண்ணீரோடு சிரித்தார்கள். நானும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். வழக்கமாக நான் தப்பிப்பது அந்த வழியாகத்தான். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையோடு அக்கா என்னை மூலைக்கு இழுத்தார். அவர் சிரிக்கவில்லை.

"உது நீ போனிலை கேட்டதுதானே? ஆர் சொன்னது?"

"இந்தியாவிலை ஒரு ஃபாதர் அக்கா."

"பேர்?"

"மறந்துபோனன்."

"பேர் மறந்தால் பரவாயில்லை. அதை எனக்கு அனுப்பிவிடு. என்ரை மகனுக்கு அனுப்போணும்."

அவருடைய மகன் கனடாவில். அங்கே போனபிறகு கோயில் வாசலை மிதிப்பதில்லை. அக்கா கேட்கும்போதெல்லாம் அதற்காகவே இருவருக்கும் சண்டை. ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதை. "அவனும் செருப்போடை நிக்கிறவன்தான்" என்றார் அக்கா. அவர் கண் இன்னும் ஈரமாக இருந்தது. "வாறன் அக்கா, அனுப்புறன்" என்று சொல்லிவிட்டுக் கடலைச் சட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

அனுப்புவது எப்படி? லிங்கைத் தட்டினால் முதலில் வருவதே நான் வெட்டிய அந்தத் தலைதான். அதைக் கேட்டால் இவனுக்கு இது எப்படி அகப்பட்டது, ஏன் பாடமாக்கினான், ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்ந்துவிடும். நாளைக்கு மாதா என் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார். நான் வெட்டிய மீனை வாங்கச் சனத்துக்குக் கை கூசும். ஆகவே ஒரு உண்மையான ஃபாதரின் பிரசங்கத்தைத் தேடி அனுப்பிவிட்டேன். நீளமானது. தூங்கிவிடுவார் என்று நம்பினேன்.

அடுத்த நாள் காலை பலகைக்கு முன்னால் அக்கா.

"எடேய், இது அதில்லை."

"அதுதான் அக்கா."

"விசர்க்கதை கதையாதை. முழுக்கக் கேட்டனான். மெத்தை எங்கை?"

மெத்தை வரும் வரும் என்று காத்திருந்து பிரசங்கம் முழுவதையும் கேட்டிருக்கிறார். பாவம். நான் "பிழையாப் போட்டுதாக்கும், பாத்து அனுப்புறன்" என்றேன். அன்று பின்னேரம், குளித்து, கையை இரண்டு தரம் துடைத்து, சரியானதையே அனுப்பினேன். எப்படி அந்தத் துணிவு வந்தது என்று தெரியாது. வந்த துணிவு தேத்தண்ணி ஆறும்வரைகூட நிற்கவில்லை. அவர் பார்க்குமுன்னரே அழித்துவிட்டேன்.

போன் ஒரு கோள்மூட்டி. அழித்ததையும் அறிவித்துவிடும். மறுநாள் அக்கா தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னத்தையோ அனுப்பிப்போட்டு அழிச்சிருக்கிறாய்! கூடாத படம் ஏதும் கை தவறி வந்திட்டுதோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். அண்ணை கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மீன் வாங்க நின்றவர்களும் சிரித்தார்கள்.

"ஓம் அக்கா" என்றேன். "கை தவறிப் போச்சு."

அதைச் சொன்ன பிறகு ஒரு திருக்கையை வெட்டினேன். திருக்கையில் செதில் இல்லை. நான் செதில் தட்டிக்கொண்டிருந்தேன். என்னை மனிதனாக வைத்திருக்கிற ஒரு குரல், எனக்காகச் செபிக்கிற ஒரு குரல். அதை ஊருக்கு முன்னால் கூடாத படம் என்று சொல்ல எனக்குச் சம்மதம். கூடாத படம் பார்க்கிறவன் என்றால் ஆம்பிளைதானே என்று சிரித்து விடுவார்கள். அந்த வரிசையில் போய் நிற்பதற்காக அவரைக் கைவிட்டேன். அவர் இதையெல்லாம் அறியாமல் அந்த நேரமும் என் சட்டைப் பைக்குள் பேசிக்கொண்டிருந்தார். "ஒளிந்து கேட்கிறவர்களுக்கும் வணக்கம்" என்றார். "வசதியானபோது வாருங்கள்." அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஞாயிறு கழிந்து அக்கா மறுபடி வந்தார். இந்த முறை சத்தம் இல்லை. கையில் ஒரு ஓரா மீன். அதைப் பலகையில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, ராத்திரி மகன் போன் எடுத்தவன். நீ சொன்ன செருப்புக் கதையை எனக்கு ஞாபகம் இருந்தமாதிரி அவனுக்குச் சொன்னன். அவன் போனை வைக்கேல்லை. கனகாலத்துக்குப் பிறகு அம்மா எண்டு கூப்பிட்டவன். மிச்சத்தையும் சொல்லுங்கோ எண்டு கேக்கிறான். எனக்கு மிச்சம் தெரியாது."

எனக்குத் தெரியும். இருமலோடு தெரியும்.

"அக்கா, என்ரை கை ஊத்தை" என்றேன். "சட்டைப் பைக்குள்ளை போன் கிடக்கு. எடுங்கோ."

எடுத்தார். எதைத் தட்ட வேண்டும், எவ்வளவு கீழே தள்ள வேண்டும் என்று கத்தி நுனியால் காட்டினேன். என் காதில் இருந்த இயர்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார். அதில் மீன் மணம் இருந்திருக்கும். முகம் சுளிக்கவில்லை. நான் ஓராவை எடுத்துக் குனிந்துகொண்டேன்.

தொடக்கம் எப்போது போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு மணியோசை, பிறகு அந்த மூன்று வசனம். நான் நிமிர்ந்தபோது அக்கா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி போன். மறுபடி நான். என் காது இரண்டும் சுட்டது. ஓராவின் முள் குத்தி விரல் கடுத்தது. அந்தக் கடுப்பு நல்லதாகவே இருந்தது, பார்ப்பதற்கு ஒன்று கிடைத்தது. பின்னால் நின்ற ஒருவர், "தம்பி, எங்கடை மீனைக் கெதியா வெட்டித் தாங்கோ" என்றார். அக்கா திரும்பாமலே கையை உயர்த்தி அவரை அடக்கினார்.

இயர்போனைக் கழற்றவில்லை. நான் ஓராவை முடித்து, இன்னொருவரின் சீலா மீனையும் முடித்தேன். அக்கா ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தார். செருப்பு என்று விளங்கிக்கொண்டேன். பிறகு உதடு ஒரு பக்கம் இழுத்தது.

"மெத்தை வந்திட்டுது" என்றார்.

கேட்டு முடித்து, இயர்போனைக் கழற்றித் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, போனோடு என் பைக்குள் திரும்பப் போட்டார். அண்ணைக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"அண்டைக்கு ஏனடா முன்பக்கத்தை விட்டனீ?"

என்னிடம் ஒரு பகிடி எப்போதும் தயாராக இருக்கும்.

"விளம்பரமாக்கும் எண்டு வெட்டிப்போட்டன் அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "மெத்தையை வெட்டேல்லையே" என்றார்.

அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொன்ன மூன்று வசனத்தையும் எறிந்துவிட்டு, அவருடைய மெத்தையைப் பத்திரமாக மாதாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அதுவரை என் நெஞ்சில் அது ஒரு சிரிப்புக் கதையாகத்தான் இருந்தது.

"மகனுக்கு இதை அனுப்புவியளோ?" என்று கேட்டேன்.

"அனுப்புவன். முன்பக்கத்தோடை." ஓராத் துண்டுகளைப் பைக்குள் போட்டார். "அவன் என்ன சொல்லுவான் எண்டு எனக்குத் தெரியாது. எனக்கே எல்லாம் விளங்கேல்லை. யோசிக்கோணும். நீ எனக்கு இப்ப அனுப்பு. அழிக்கப்படாது."

"அக்கா, ஒழுங்கையிலை..."

"நான் ஏன் சொல்லுறன்? அது என்ரை கதையே? வாற வருசமும் மாதா உன்ரை வீட்டை வருவா. சொல்லுறதெண்டால் நீ சொல்லு. இல்லையெண்டால் மெத்தையை வித்துக்கொண்டிரு."

போய்விட்டார். மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டுக் குழாயடியில் கையைக் கழுவி, லிங்கை அனுப்பினேன். திரையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடும் சாட்டில் அழித்துவிடுவேனோ என்று பயந்து, அப்படியே பைக்குள் போட்டேன்.

அக்கா அதற்குப் பிறகும் மீன் கொண்டுவருகிறார். முன்னரைப்போலவே ஏசுகிறார், துண்டு பெரிது, முள் எடுபடவில்லை என்று. மகன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், அந்தக் குரல்காரர் வாரத்தில் எந்த நாள் பேசுவார் என்று விசாரித்தார். அது அவருக்கா, மகனுக்கா என்றும் நான் கேட்கவில்லை.

நான் இப்போது அந்த மூன்று வசனத்தையும் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே பாடம்தான், காதுக்கு. வாய்க்குத்தான் வருவதில்லை. மெத்தை ஒரே மூச்சில் வருகிறது. இது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. போன கிழமை சனம் குறைந்த ஒரு நேரம் பார்த்து, பலகையில் கிடந்த ஒரு பாரையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அது வாயைத் திறந்தபடி கேட்டது. முதலாவது வசனம் போனது. இரண்டாவதின் பாதியில் அண்ணை தலையைத் திருப்பினார்.

"ஆரோடையடா கதைக்கிறாய்?"

"மெத்தை விளம்பரம் அண்ணை" என்றேன்.

பாரையின் தலையை வெட்டினேன்.